கல்லா, கண்டலா, ஆற்றுத் தண்ணீரா?

"கல்லுப் போட்டா கல்லு நிக்கும் டீச்சர். கரை நிக்குமா?"

கொழும்பின் வட முனையான மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கைச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டவர், நாற்பது வருடமாகக் களனி ஆற்று வாயில் வலை போடுகிறவர். ஆறு அரித்துக்கொண்டு போகும் எங்கள் கரையை எப்படிக் காப்பது என்பதுதான் பேச்சு. கூட்டத்தில் பாதிப்பேர் கருங்கல் வேண்டும் என்றார்கள். இளம் பிள்ளைகள் கண்டல், அதாவது உவர்ச் சேற்றில் வளரும் மரங்கள், நடவேண்டும் என்றார்கள். படம் எடுத்துப் போடவும் நன்றாக இருக்கும். இன்னொருவர் வேறு யோசனை சொன்னார். வீதிக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும் பழைய மதகைத் திறந்து ஆற்றுத் தண்ணீரைச் சேற்றுநிலத்துக்குள் விட்டால், புல்பூண்டு தானாகத் தழைத்துக் கரையைப் பிடித்துக்கொள்ளுமாம். முப்பது வருடம் உயிரியல் படிப்பித்த குற்றத்துக்காக, மூன்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தத் துண்டு நிலத்துக்கு வரைபடத்தில் பெயர் கிடையாது. ஒழுங்கையின் கடைசி வீட்டு மதிலுக்குப் பின்னால் தொடங்கி ஆற்றில் முடிகிறது. தண்ணீரோரம் சில கிண்ணை மரங்கள், அதுவும் ஒரு கண்டல் வகைதான். சிங்களத்தில் கிரல என்பார்கள், பழத்தைக் கரைத்துக் குடிப்பார்களே, அதுதான். அதற்குப் பின்னால் ஆளுயரப் பன்னங்கள், பிறகு சம்பும் கோரையும், வீட்டுப் பக்கமாக, சேற்றில் பரவும் காட்டு ஆத்தாவான வெல் ஆத்தாப் பற்றை. நான் இங்கே குடிவந்த காலத்தில் கிண்ணைக்கு அப்பால் ஒரு படகை இழுத்துப் போடும் அளவுக்குச் சேறு இருந்தது. இப்போது முன்வரிசை மரங்களின் வேர் அந்தரத்தில் தொங்குகிறது.

கரை மேலிருந்து கரைவதில்லை. அடியில் அரிபட்டு, மேலே வேர்ப்பாய் மட்டும் தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நின்று, ஒருநாள் கட்டியாகச் சரிகிறது. சரிந்த கட்டி ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து பார்த்தேன். மேலே ஒரு சாண் அளவுக்கு வேர் பின்னிப் பிணைந்திருந்தது. அதற்குக் கீழே விரலால் தோண்டக்கூடிய கறுப்புச் சேறு, அழுகிய முட்டை மணம். அந்த ஒரு சாண்தான் எங்கள் கரை. அது தடிக்குமா, மெலியுமா என்பதை வைத்தே ஒவ்வொரு யோசனையையும் அளந்தேன். கல்லின் விலையும் கன்றின் விலையும் அதற்குப் பிறகு.

முதலில் ஆறு. களனி சிவனொளிபாத மலைப் பக்கம் பிறந்து, 145 கிலோமீற்றர் ஓடி எங்களிடம் வந்து முடிகிறது. பருவமழை நாட்களில் விநாடிக்கு 800 முதல் 1,500 கனமீற்றர் வரை தண்ணீர் வரும். வறண்ட காலத்தில் அது 20, 25 கனமீற்றருக்கு இறங்கிவிடும். ஒரே ஆறுதான், ஆனால் கரையோரச் செடிக்கு அது இரண்டு ஆறு. மே, ஜூனில் வாய்வரை நன்னீர். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை கடல் உள்ளே ஏறும். உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் அது அடியால் நாக்கு நீட்டிக்கொண்டு போகும். அதே நேரம் மேலே நன்னீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். வாளியில் மேல் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து "உப்பில்லையே" என்று சொல்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

உப்பு எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்கு அம்பத்தளையே சாட்சி. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் இடம், கடலிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. வறட்சியில் அங்கேயே உப்புத் தட்டியதால் ஆற்றுக்குக் குறுக்கே முதலில் மணல் மூடைகளால் தடுப்புப் போட்டார்கள், பிறகு நிரந்தரத் தடுப்பணையே கட்டினார்கள். காரணம் மழை குறைந்தது மட்டுமல்ல. வருடக்கணக்காக ஆற்றுமணல் அள்ளி அள்ளி, அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. பள்ளம் கண்ட இடத்துக்குக் கடல் வரும். அள்ளிய மணல் கரைக்கும் வந்து சேராது, அதுவும் சேர்ந்த நட்டம். மேலே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் தங்கள் பங்குக்கு வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

செடிகள் இதற்கு எப்படிப் பதில் சொல்கின்றன என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை, கரையோரம் நடந்தால் போதும். கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. சம்பு நன்னீர்ப் பிள்ளை. சில பங்கு உப்பிலேயே அதன் வளர்ச்சி குன்றத் தொடங்கும். கிண்ணை நடுவில் நிற்கும்; ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைந்த இடம்தான் அதற்கு வேண்டும், ஆயிரத்துக்குப் பத்துக்குள் என்றால் மகிழ்ச்சி. இன்னொரு கண்டல் வகையான கண்ணா மரம் கடல்நீரை விடக் கூடிய உப்பையும் தாங்கி, இலையால் வெளியேற்றிவிடும். எங்கள் நிலத்தில் கண்ணா ஒன்றுகூட இல்லை, கிண்ணை இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி இங்கே நன்னீர்தான் ஆட்சி என்பது அதிலிருந்தே தெரியும். ஆனால் ஆற்றுப் பக்கத்துச் சம்பு நுனி கருகி நிற்கிறது. வறண்ட மாதங்களின் உப்பு முன்னைவிட உள்ளே வருகிறது என்று எனக்கு அது சொல்கிறது. உப்பு ஏறிய சேற்றில் சம்பு செத்தால் அதன் வேர் அழுகும், வேர் இருந்த இடம் வெறும் கஞ்சியாகும், அடுத்த வெள்ளம் அதை அள்ளிக்கொண்டு போகும்.

இனிக் கல். கொழும்புக் கால்வாய்களின் ஓரங்களில் கம்பிவலைக் கூடைக்குள் கருங்கல் அடுக்கியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே அது வேலை செய்கிறது, ஏனென்றால் அது நன்னீர்க் கால்வாய், அலை இல்லை. ஆற்று வாயில் கம்பிக்கு உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் எமன். கம்பி அறுந்தால் கூடை வயிறு கிழிந்து கல் ஆற்றுக்குள் போகும். கூடை இல்லாமல் பெருங்கல்லாகப் போட்டாலும், இளகிய சேற்றின் மேல் கல் தன் பாரத்தில் புதையும். அலை கல்லில் மோதித் திரும்பும்போது காலடிச் சேற்றை வாரிக்கொண்டு போகும். கல் முடியும் இடத்தில் அரிப்பு இரட்டிப்பாகும். வலைக்கார ஐயா சொன்னது இதைத்தான். எங்கள் கல் முடியும் இடத்தில் தொடங்குவது பக்கத்து ஒழுங்கையின் கரை, அங்கே எங்களைவிட வசதி குறைந்தவர்கள் இருக்கிறார்கள். இதைக் கூட்டத்தில் நான் சொன்னபோது யாரும் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கல் வைத்தால் ஆற்றின் சேற்றுத் தண்ணீர் கடற்பெருக்கு நேரத்தில் உள்ளே வந்து படியும் வழியும் அடைபடும். உலகக் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்கு 4 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலாக ஏறிக்கொண்டிருக்கிறது. சேற்றுநிலம் உயிரோடிருக்க வேண்டுமானால் அதே வேகத்தில் அதுவும் உயர வேண்டும், புதுச் சேறும் செத்த வேரும் சேர்ந்து. மதிலுக்குள் வைத்த சேற்றுநிலம் உயராது. வீட்டு மதிலைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் கல் நியாயமான பதில். சேற்றுநிலத்தைக் காப்பாற்றுவது நோக்கம் என்றால் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் கூட்டத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

சட்டமும் இருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடலோரத்தில் 300 மீற்றர் மட்டுமல்ல, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இரண்டு கிலோமீற்றர் உள்ளே வரைக்கும் கரையோர வலயம்தான். எங்கள் ஒழுங்கை அதற்குள் வருகிறது. அனுமதி இல்லாமல் ஒரு லொறிக் கல் கொட்டினாலும் குற்றம். முன்பு இங்கே ஒருவர் தன் வீட்டுப் பின்புறத்துக்கு இரவோடிரவாகக் கட்டட இடிபாடு கொட்டினார். அது இப்போது ஆற்றுக்குள் இருக்கிறது, அவருடைய பின்புறமும்தான்.

கண்டல் நடுகை. இதில் எனக்கு ஆசை அதிகம், அதனாலேயே கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுதும் கண்டல் நட்டார்கள். அந்த நடுகைகள் என்ன ஆயின என்று பிற்பாடு ஆராய்ந்தபோது, பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. நீர்கொழும்பு எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி என்பதால் நம்பிக்கை வருகிறது, ஆனால் அது களப்பு. அங்கே நீரோட்டத்தின் இழுவை ஆற்று வாயைப் போல் இல்லை.

தோற்ற இடங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான். எளிதில் கிடைக்கும் கண்டல் நாற்றை, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குமே, அதைக் கொண்டுவந்து, எட்டக்கூடிய வெறும் சேற்றில் குத்திவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் மேற்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே கண்டல் வாழக்கூடிய உயரம் ஒரு மெல்லிய பட்டிதான். ஒரு சாண் தாழ நட்டால் நாள் முழுதும் தண்ணீரில் மூழ்கி வேர் மூச்சுத் திணறும், ஒரு சாண் மேலே நட்டால் வெல் ஆத்தா விழுங்கும். எங்கள் கரையின் முன்புறம் இப்போது செங்குத்தான வெட்டு, அந்தப் பட்டியே இல்லாமல் போய்விட்டது. பிள்ளைகள் இன்று நட்டால் நடுவது தண்ணீருக்குள்தான். ஆறு மாதத்தில் கன்றும் போகும், பிள்ளைகளின் உற்சாகமும் போகும். இரண்டாவதைத் திரும்ப வளர்ப்பது கஷ்டம்.

நடத்தான் வேண்டுமென்றால் கிண்ணை. எங்கள் தண்ணீருக்குப் பழகிய மரம், விதை காலடியிலேயே விழுந்து கிடக்கிறது. உண்மையில் சேறு படியும் இடம் கிடைத்தால் அது தானாகவே முளைக்கும். எனவே கேள்வி மரத்தைப் பற்றியதல்ல, சேற்றைப் பற்றியது.

அதனால் மூன்றாவது யோசனைக்கு, மதகுக்கு, நேரம் அதிகம் செலவழித்தேன். ஆற்றுத் தண்ணீரைச் சேற்றுநிலத்துக்குள் விடுவது முட்டாள்தனமான யோசனை அல்ல. அமெரிக்காவின் லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றின் வாயில், இதுவே பெரிய அளவில் நடந்த விவாதம். அங்கே வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றின் இருபுறமும் அணை கட்டிவிட்டார்கள். வண்டல் சேற்றுநிலத்துக்குப் போகாமல் ஆழ்கடலில் போய் விழுந்தது. 1932 இலிருந்து 2016 வரை அந்த மாநிலம் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீற்றர் நிலத்தைக் கடலுக்குக் கொடுத்தது. எதிர்ப்பக்கத்துக்கும் அங்கேயே உதாரணம் உண்டு. வெள்ளத்தை வடிக்க 1940களில் வெட்டிய வாக்ஸ் லேக் வடிகால், 1973 வெள்ளத்துக்குப் பிறகு தன் வாயில் புத்தம் புதிய தீவுகளை எழுப்பத் தொடங்கியது. யாரும் அதற்காகத் திட்டம் போடவில்லை. ஆறு மண்ணோடு வந்தது, ஆழமில்லாத இடத்தில் வேகம் குறைந்தது, மண் படிந்தது, செடி வந்தது.

ஆனால் அதே மாநிலத்தில் 1991 இல் திறந்த கர்னார்வன் மதகு வேறு கதை. அது உப்பைக் குறைக்கவென்று நன்னீரை விட்ட மதகு, மண் அதிகம் கொண்டுவரவில்லை. செடிகள் பச்சையாகத் தழைத்தன. 2005 இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது அந்தப் பக்கத்துச் சேற்றுநிலம் பாய் சுருட்டுவது போலச் சுருண்டு கிழிந்தது. பயிருக்குப் போட்ட உரம் கலந்த நன்னீர், இலையைக் கொழுக்க வைத்து வேரை மெலிய வைத்துவிட்டதா என்று இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். அதற்கு ஆதரவாக மசசூசெட்ஸில் ஒரு பரிசோதனை உண்டு. ஒன்பது வருடம் ஒரு சேற்றுநிலத்தின் கால்வாய்களுக்கு உரச்சத்து விட்டுப் பார்த்தார்கள். மேலே புல் உயர்ந்தது, கீழே வேர் குறைந்தது, கால்வாய்க் கரைகள் பிளந்து சரிந்தன. 2012 இல் அது வெளிவந்தது. காரணத்தை வீட்டுத் தோட்டக்காரருக்கும் விளக்கலாம். உரம் வாசலுக்கே வந்தால் செடி எதற்கு வேரை ஆழமாக அனுப்ப வேண்டும்? போதாக்குறைக்கு, தண்ணீரில் நைத்திரேற்று கூடினால் சேற்றிலுள்ள பழைய வேரைத் தின்னும் நுண்ணுயிர்களும் சுறுசுறுப்பாகிவிடும்.

இப்போது எங்கள் மதகுக்கு வருவோம். அதன் மேல்வாய் ஆற்றில் இருக்கிறது, சரி. ஆனால் அது வரும் வழியில் மூன்று ஒழுங்கைகளின் கான் அதில் விழுகிறது. சவர்க்காரம், சமையலறை, மலசலகூடக் குழி நிரம்பி வழிவது, எல்லாம். 2018 இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது. எங்கள் கானுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. வறண்ட காலத்தில் மதகைத் திறந்தால் வருவது ஆறல்ல, கான். செடி பச்சையாகும், படம் நன்றாக வரும், கரையின் அந்த ஒரு சாண் மெலியும். வெள்ளக் காலத்தில் திறந்தால் கானைப் பல மடங்கு கரைத்துக்கொண்டு சேற்றுத் தண்ணீர் வரும்; அது வேறு பண்டம். உப்பைக் குறைக்கும் தண்ணீரும் நிலத்தை வளர்க்கும் தண்ணீரும் ஒரே மதகால் வந்தாலும் ஒன்றல்ல. கூட்டத்தில் இதைத்தான் விளக்க முயன்று தோற்றேன், இங்கே எழுதிவிட்டேன்.

பக்கத்திலேயே ஒரு பழைய பாடமும் கிடக்கிறது. ஒருகாலத்தில் நெல் விளைந்ததாகச் சொல்லப்படும் முத்துராஜவெலச் சேற்றுநிலத்திலிருந்து உப்பை வடிக்கவென்று ஆங்கிலேயர் 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்ததுதான் ஹமில்டன் கால்வாய். களனிக்கு அக்கரையில், வத்தளைப் பக்கம், இன்றும் படகு போகிறது. வற்றுப்பெருக்குக்குத் திறந்திருக்கும் கால்வாய் உப்பை வெளியே விடும் வழியாலேயே உள்ளேயும் விடும். நெல் திரும்பி வரவில்லை. எங்கள் மதகும் வறண்ட மாதத்தில் திறந்து கிடந்தால், பெருக்கு நேரத்தில் ஆற்றடி உப்பு அதனூடாகச் சம்பின் காலடிக்கே வந்துவிடும்.

மீன்பிடிக்காரர்களுக்கும் ஒரு சொல். மிசிசிப்பியில் பரட்டாரியாப் பக்கம் சுமார் 300 கோடி டொலர் செலவில் ஒரு மாபெரும் வண்டல் மதகு கட்ட 2023 இல் வேலை தொடங்கினார்கள். செலவும் கூடிக்கொண்டு போயிற்று, நன்னீர் வந்தால் சிப்பியும் இறாலும் போய்விடும் என்று தொழிலாளர்களும் எதிர்த்தார்கள். 2025 இல் திட்டத்தையே கைவிட்டார்கள். எங்கள் மதகு அதன் முன்னால் எறும்பு. என்றாலும் கிண்ணை வேருக்குள் ஒதுங்கும் இறால் குஞ்சுக்கு எந்த மாதத்தில் எந்தத் தண்ணீர் வேண்டும் என்று அந்த ஐயாவைக் கேட்காமல் மதகில் கை வைப்பது சரியல்ல. கேட்டேன். "மழை விட்டு ரெண்டு கிழமைக்குப் பொறகுதான் றால் உள்ளுக்கு வரும். அதுக்கு முந்தி தொறங்க, பொறகு மூடுங்க" என்றார். நான் வேரை வைத்து வந்த முடிவுக்கு அவர் இறாலை வைத்து வந்துவிட்டார்.

கால்வாய் துப்புரவாக்கும்போது வெட்டியெடுக்கும் சேற்றைக் கொண்டுவந்து பரப்பலாம் என்று ஒரு நாலாவது யோசனையும் வந்தது. நகரக் கால்வாய்ச் சேற்றில் பொலித்தீனும் பார உலோகங்களும் இருக்கும். பரிசோதிக்காத சேறு வேண்டாம், இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. நிலத்துக்குள் புதிதாக வாய்க்கால் வெட்டும் பேச்சுக்கும் இதே பதில். உவர்ச் சேற்றை வெட்டி வெயிலில் போட்டால் அதிலுள்ள பைரைட்டு என்ற இரும்பு-கந்தகக் கனிமம் ஒட்சிசனோடு சேர்ந்து அமிலமாகும், சுற்றியுள்ள செடி கருகும்.

என் பரிந்துரை இதுதான். கல் வேண்டாம். மதகைத் திறக்கலாம், ஆனால் கதவு வைத்துத்தான்: ஆறு கலங்கி ஓடும் வெள்ள நாட்களில் மட்டும் திறந்து, தண்ணீர் தெளியத் தொடங்கியதும் மூட வேண்டும். வறண்ட மாதங்களில் அது அடைபட்டே இருக்கட்டும். ஒழுங்கைக் கான்களைத் திருப்பிவிடும் வரை இதற்குமேல் போகக்கூடாது. கரையின் வெட்டுமுகத்துக்கு முன்னால் தென்னங்குற்றி நட்டு, இடையில் தும்பு உருளைகளைக் கட்டித் தாழ்வான வேலி போடலாம். தும்பு உருளையை அரிப்புத் தடுக்கவென்று வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இது, எங்கள் கரைக்கு மட்டும் கிடைக்காமல் போகாது. வேலி தண்ணீரை மறிக்காது, வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்த இடத்தில் சேறு இறங்கும். மீகொங் கழிமுகத்தில் வியட்நாம்காரர் மூங்கிலால் செய்வது இதைத்தான். வேலிக்கு நடும் கிளிசரியாக் குச்சி மலிவு என்று யாரும் கொண்டுவரவேண்டாம், உப்பில் அது வேர்விடாது. இதற்கும் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கல்லுக்குக் கேட்பதைவிட இதைக் கேட்பது எளிது என்று நம்புகிறேன்.

வேலிக்குப் பின்னால் சேறு ஒரு சாண் ஏறிய பிறகு பிள்ளைகள் வரலாம். கிண்ணைக் கன்று வளர்க்க எங்கள் முற்றத்திலேயே இடம் தருகிறேன்.

செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு. படகுகள் இந்த வளைவில் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தால் கரையில் மோதும் அலை பாதியாகக் குறையாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும். அதைச் சொல்லக்கூடியவர் எங்களில் ஒருவர்தான், அவர் சொல்லவும் தொடங்கிவிட்டார்.

வேலி போடுவதற்கு முன் ஒரு வருடம் அளக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. கரையின் வெட்டுமுகத்தில் ஐந்து இரும்புக் கம்பிகளை உள்ளே அடித்தாயிற்று. வெளியே நீட்டும் நீளத்தை மாதம் ஒருமுறை அளந்தால் அரிப்பின் வேகம் தெரியும். சேற்றின் மேல் நான்கு கூரையோடுகளைப் பதித்திருக்கிறோம், அவற்றின் மேல் படியும் சேற்றின் தடிப்பைச் சுரண்டி அளக்க. உப்பு அளக்க, இறால் பண்ணைகளில் வைத்திருப்பார்களே, கையில் பிடித்துக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் கருவி, அதில் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். தண்ணீரை மேலிருந்து அள்ளக்கூடாது, போத்தலில் கல்லைக் கட்டி அடியிலிருந்து எடுக்க வேண்டும். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை கிழமைக்கு ஒருமுறை, பெருக்கு உச்சத்தில். சில கிழமைகளில் அது விடிய நாலு மணிக்கு வரும். அந்த நேரத்துக்குப் படகோட்ட ஐயா சம்மதித்துவிட்டார். டோர்ச் பிடிக்க இன்னும் ஒருவர் வேண்டும்.